நான் கட்டாத நைலான் சேலை

ஆமத்தூர்,
9 ஜூன் 2025

தம்பி மணிமுத்துவுக்கு,

மாரிசெல்வி எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. என் மகள் ஓவியா உன் நம்பருக்கு நாலு தடவை செய்தி அனுப்பினாள். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு விழுந்ததாம், பதில் மட்டும் இல்லையாம். பதிவுத் தபால் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்?

உன் வீடியோவைப் பார்த்தேன். சிவகாசியில் ஒரு மண்டபம். மேடையில் நீ, நீலச் சட்டை, காதோரம் மைக். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். நம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது, போர்மேன் வேலை போன பிறகு இவன் எங்கேயோ நன்றாக இருக்கிறானே என்று நினைத்தேன். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீ என்ன பேசுகிறாய் என்று ஓவியாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் விடவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதியது இது:

"எங்க ரூம்ல ஒரு அக்கா. வேலைல கெட்டிக்காரி. அன்னைக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிட்டு நேரா வேலைக்கு வந்துருச்சு. கட்டியிருந்தது நைலான் சேலை. 'ஏக்கா, இந்தச் சேலையோட மருந்துகிட்ட உக்காராதீக'ன்னு நான் சொன்னேன். 'அட போ தம்பி, ஒரு நாளைக்கு என்ன ஆயிரப் போகுது'ன்னுச்சு. சேலை உரசுச்சு, ஒரு பொறி. மூணு உசுரு போச்சு. அந்த அக்கா உசுரோடதான் இருக்கு. காது ரெண்டும் கேக்காது. தான் செஞ்சதை நெனச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. இப்ப எல்லாரும் உங்க முந்தானையைத் தொட்டுப் பாருங்க. அது என்ன துணி?"

எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள். உடனே உங்கள் கம்பெனி விற்கிற, தீ தாங்கும் யூனிபார்முக்கு ஆர்டர் பாரம் கொடுக்கிறார்கள்.

தம்பி, நான் அன்று எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கட்டியிருந்தது சாயம் போன பருத்திச் சேலை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை வெட்டி எடுக்கும்போது ஓவியா பக்கத்தில் நின்றாள். நீ என்னிடம் எந்த எச்சரிக்கையும் சொல்லவில்லை. நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை.

என் பேரைச் சொல்லவில்லை என்பாய். இந்தச் சுத்துப்பட்டில் காது போன பட்டாசுக்காரி எத்தனை பேர்? அந்த விபத்தில் செத்துப்போன பாண்டிமீனாவின் வீட்டுக்காரர் இருளாண்டி அண்ணன் எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த பிறகும், தண்ணீர் வரும் சத்தம் எனக்குக் கேட்காது என்று என் குடத்துக்கும் சேர்த்துப் பிடித்து வைத்தவர். வீடியோ வந்த மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்.

எரிந்த அறைக்குள் நுழைந்து என்னைத் தூக்கி வந்தது நீதான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். வீடியோவை எடுத்துவிடு.

மாரிசெல்வி


விருதுநகர்,
21 ஜூன் 2025

மரியாதைக்குரிய மாரிசெல்வி அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையில் இருப்பது கம்பெனி போன், அதில் இதைப் பற்றி எழுத முடியாத நிலை. அதனால் தட்டச்சு செய்து தபாலில் அனுப்புகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன். ஆனால் மேடையில் நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. விழிப்புணர்வுப் பேச்சில் சம்பவங்களைச் சற்று மாற்றிச் சொல்வது வழக்கம். கேட்பவர் மனதில் பதிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

எங்கள் துணி நெருப்புப் பட்டாலும் உடனே பற்றாது. உருகித் தோலில் ஒட்டாது. ஒன்றரை வருஷத்தில் நாற்பது ஆலைகளில் இதைப் போடுகிறார்கள் என்றால் அதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். அந்த நாற்பது ஆலைகளில் ஏதோ ஒரு பெண் நாளைக்கு இதனால் பிழைப்பாள். அதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மேலாளர் ஹரிஷ்குமார் சாரிடம் தங்களைப் பற்றிச் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார். ஆகஸ்ட் 24 ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பெரிய கூட்டம் வைத்திருக்கிறோம். ஆலை முதலாளிகள், தொழிலாளர்கள் எல்லாரும் வருவார்கள். தாங்கள் மேடைக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், எதுவும் பேச வேண்டாம் என்று சார் சொல்கிறார். கையில் இருக்கும் தழும்பைப் பார்த்தாலே ஜனங்களுக்குப் புரிந்துவிடும். தங்களுக்குத் தகுந்த மரியாதை செய்யப்படும். ஓவியாவின் படிப்புக்கும் கம்பெனி உதவும்.

இன்னொன்று. நம் விபத்து வழக்கில் சாட்சிகளுக்குச் சம்மன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில் தாங்கள் கொடுத்த வாக்குமூலத்தையே கோர்ட்டிலும் சொன்னால் எல்லாருக்கும் நல்லது. மாற்றிச் சொன்னால் தங்களுக்கும் சிக்கல் வரும் என்று வக்கீல் சொல்கிறார்.

தங்கள் நலனில் என்றும் அக்கறையுள்ள,
ம. மணிமுத்து


ஆமத்தூர்,
28 ஜூன் 2025

மணிமுத்து,

தட்டச்சுக் கடிதத்தில் என்னைத் "தாங்கள்" ஆக்கிவிட்டாய். போர்மேன் ஆன பிறகும் "அக்கா, கஞ்சி இருக்கா?" என்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த பையன் நீ.

நாற்காலியில் வந்து உட்கார வேண்டுமாம். தழும்பைக் காட்ட வேண்டுமாம். பொருட்காட்சியில் வைக்கிற மாதிரி. நீ பக்கத்தில் நின்று நைலான் சேலை என்று சொல்வாய், எனக்குக் கேட்காது, நான் சிரித்தபடி உட்கார்ந்திருப்பேன். இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

வாக்குமூலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். எழுதியது நல்லதாகப் போயிற்று. நானாக அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன்.

நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் அன்று நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தீபாவளி சீசன், ஆர்டர் முடியவில்லை. பக்கத்து ரூமில் இருந்தவர்களையும் நீதான் எங்கள் ரூமுக்கு அனுப்பினாய். லாரி வராததால் கட்டிய பெட்டிகளைப் பின்வாசலில் அடுக்கச் சொன்னதும் நீதான். தீப்பிடித்ததும் முன்வாசல் பக்கம் இருந்த நாலு பேர் ஓடிவிட்டார்கள். பாண்டிமீனா, அருணாதேவி, சிவபாண்டி மூன்று பேரும் பின்வாசலுக்குப் போனார்கள். அங்கே வாசல் இல்லை, பெட்டிதான் இருந்தது. செத்தவர்கள் மூன்று, விழுந்து கிடந்த நான் ஒன்று, ஆக நாலு என்று நீயும் முதலாளியும் கணக்கைச் சரிசெய்தீர்கள். ஓடித் தப்பிய நாலு பேரையும் வேறு ரூம் என்று எழுதினீர்கள்.

ஆஸ்பத்திரியில் அதிகாரி என் கட்டிலருகே நின்று ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நீ கையில் கட்டோடு நின்று நாலு விரலைக் காட்டினாய். என்னைக் காப்பாற்றியவன் காட்டுகிறானே என்று நான் தலையை ஆட்டினேன். அதன் பேர்தான் என் வாக்குமூலம்.

நவம்பர் 18 எனக்கு வாய்தா. அதற்கு முன்னால் நீ பொய் சொன்ன இடத்திலேயே, மேடையிலேயே, உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாரிசெல்வி


விருதுநகர்,
14 ஜூலை 2025

அக்கா,

இதைக் கையால்தான் எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தத் தட்டச்சுக் கடிதத்தை ஹரிஷ்குமார் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினார். இது அவருக்குத் தெரியாது.

நீங்கள் எழுதிய எதையும் நான் மறுக்கவில்லை. எட்டுப் பேர்தான். பெட்டிகளை அடுக்கச் சொன்னதும் நான்தான். லாரிக்காரனுக்குப் போன் பண்ண வெளியே போயிருந்தேன், அதனால் உயிரோடு இருக்கிறேன்.

பொய் எப்படி வந்தது என்று சொல்கிறேன். இது சமாதானம் இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் துணியைப் பற்றி மட்டும் பேசினேன். நூல், நெசவு, சோதனை. யாரும் கேட்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் விபத்தைச் சொன்னேன். எண்ணிக்கையைச் சொல்லவில்லை, ஆனால் கூட்டம் அதிகம், வாசல் அடைத்திருந்தது என்றேன். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசை முதலாளிகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. திரும்பி வரும்போது காரில் ஹரிஷ்குமார் சொன்னார்: "மணி, துணி வாங்கறது முதலாளி. நீங்க அவரையே குத்தவாளியா நிறுத்தினா எப்படி வாங்குவார்? தப்பு வேற ஒருத்தர் மேல இருக்கணும். அதுக்கு ஒரு முகம் இருக்கணும்."

அவர் முகம்தான் கேட்டார், அக்கா. சேலையைக் கொடுத்தது நான்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். முதலாளிகள் தலையை ஆட்டினார்கள். "நாங்க எம்புட்டோ சொல்றோம், இந்தப் பொம்பளைக கேக்கவா செய்றாக?" என்று ஒருத்தர் எழுந்து மைக்கிலேயே சொன்னார். அன்றைக்கு மட்டும் மூன்று ஆலை கையெழுத்துப் போட்டது. அதன்பிறகு ஒவ்வொரு ஊரிலும் அது கொஞ்சம் வளர்ந்தது. விசேஷ வீடு திருத்தங்கலில் சேர்ந்தது. "அட போ தம்பி" சாத்தூரில் சேர்ந்தது. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் முந்தானையைத் தொடச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். இருபது கூட்டம் ஆன பிறகு, உங்களை எச்சரித்தது நிஜமாகவே நடந்த மாதிரி ஞாபகம் வர ஆரம்பித்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அது போகட்டும். ஜெயிலுக்குப் போவேன். விபத்து நடந்த வருஷம் பத்தொன்பது நாள் உள்ளே இருந்தேன். திரும்ப அங்கே போக என்னால் முடியாது, அக்கா. முடியும் என்று பொய்யாக எழுத விரும்பவில்லை.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி ஹரிஷ்குமாரிடம் கேட்டேன். "அதாங்க நமக்கு ஆர்டர் கொண்டு வருது" என்றார்.

மணிமுத்து


ஆமத்தூர்,
2 ஆகஸ்ட் 2025

மணிமுத்து,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. படித்து முடித்ததும் அதுவும் போய்விட்டது. எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறாய்.

துணி நல்லது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். இருக்கலாம். நல்ல துணிக்கு எதற்கு என் மேல் பொய்? பதினாறு வருஷம் மருந்தில் கை வைத்தவள் நான். என்னிடம் அதை விற்க வந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன், கேள்வி கேட்டிருப்பேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இதைப் போட்டு உட்கார முடியுமா? பத்துத் தடவை துவைத்த பிறகும் நெருப்பைத் தாங்குமா? இதைப் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் போர்மேன் இன்னும் இரண்டு பேரை உள்ளே அனுப்புவாரா? இதற்கெல்லாம் பதில் சொல்கிறவனிடம் நான் வாங்குவேன். முந்தானையைத் தொடச் சொல்கிறவனைப் பார்த்தால் எழுந்து போய்விடுவேன்.

போன வாரம் நடந்ததையும் கேள். ஓவியாவும் இருளாண்டி அண்ணன் மகளும் ஒரே பஸ்ஸில்தான் காலேஜ் போவார்கள். சின்ன வயதிலிருந்து ஒரே சீட்டு. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டதாம். "ஒங்கம்மா கட்டுன சேலைல எங்கம்மா போச்சு"ன்னு சொல்லிவிட்டுப் போனதாம். ஓவியா இதை நோட்டில் எழுதிக் காட்டவில்லை. நான் கேட்டுக் கேட்டு, மூன்றாம் நாள் எழுதினாள்.

24ஆம் தேதி நான் வருகிறேன். மேடைக்கு இல்லை. முன்வரிசையில் உட்காருவேன். ஓவியா பக்கத்தில் இருந்து நீ பேசுவதையெல்லாம் எழுதிக் காட்டுவாள். என் முகத்தைப் பார்த்து அந்தக் கதையைச் சொல்ல முடிந்தால் சொல்.

மாரிசெல்வி


விருதுநகர்,
19 ஆகஸ்ட் 2025

அக்கா,

தயவுசெய்து வராதீர்கள். அறுபது ஆலையிலிருந்து ஆட்களை வேனில் அழைத்து வருகிறார்கள். நம் பழைய முதலாளியும் வருகிறார். உங்களை அங்கே பார்த்தால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஓவியாவையும் கூட்டி வராதீர்கள். வேறு வழி யோசிக்கிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். ஒரு மாதம் போதும்.

மணிமுத்து


விருதுநகர்,
26 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீங்கள் எழுந்து போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஓவியாவும் உங்கள் பின்னாலேயே வந்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். நம்பச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீல பார்டர் போட்ட வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஓவியா மடியில் நோட்டு. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடை ஏறினேன், சத்தியம். வாயைத் திறந்ததும் பழக்கமான வார்த்தைகள் தானாக வந்தன. "எங்க ரூம்ல ஒரு அக்கா" என்று ஆரம்பித்துவிட்டேன். ஓவியா எழுதுவது தெரிந்தது. "நைலான் சேலை" என்றேன். ஓவியாவின் பேனா நின்றது. நீங்கள் நோட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் எழுந்து நடு வழியாக, எந்த அவசரமும் இல்லாமல், நடந்து வாசலுக்குப் போனீர்கள்.

மண்டபமே உங்கள் முதுகைத்தான் பார்த்தது. அக்கா, அதற்கு மேல் எனக்கு அடுத்த வரி வரவில்லை. நாற்பது தடவை சொன்ன வரி. ஹரிஷ்குமார் ஓரத்திலிருந்து கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார், பேசு பேசு என்று.

நான் பேசினேன். "இப்ப எந்திரிச்சுப் போனவக பேரு மாரிசெல்வி. நான் சொன்ன அக்கா அவகதான். அவக கட்டியிருந்தது பருத்திச் சேலை. நான் சொன்னது பொய்" என்றேன். "அந்த ரூம்ல போர்மேன் நான். நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல எட்டுப் பேரை உக்கார வச்சேன். பின்வாசலைப் பெட்டி போட்டு அடைச்சேன். மூணு பேரு அந்தப் பெட்டிகிட்டதான் கெடந்தாக" என்று சொன்னேன்.

முன்வரிசையில் நம் முதலாளி எழுந்தார். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் மேடை ஓரத்துக்கு வந்து கத்திப் பேசினேன்.

"நான் துணி விக்க வந்தவன். இப்பவும் விக்கத்தான் நிக்கிறேன். இந்தத் துணி ஒங்களைக் காப்பாத்தாது. தீப்பிடிச்சா ஓடுறதுக்கு அஞ்சாறு நொடி கூடக் குடுக்கும், அம்புட்டுத்தான். வாசல் தெறந்திருந்தா அந்த நொடி உசுரு. வாசல் அடைச்சிருந்தா ஒரு பிரயோசனமும் இல்ல. வெயிலுக்குப் புழுங்கும். முப்பது தடவை தொவச்சா மாத்தணும். இதைப் போட்டுட்டோம்னு ரூம்ல ஒரு ஆளைக் கூடுதலா உக்கார வச்சா, இதை வாங்காதீக."

பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்றார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு கடைசி வரை நின்றே கேட்டார். வெளிச்சம் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை.

முதலாளிகள் போன பிறகு பெண்கள் கொஞ்ச பேர் மேடைக்கு வந்தார்கள். ஆனைக்குட்டத்துப் பெண் ஒருத்தி துணியைக் கசக்கிப் பார்த்து, "ஒட்டாதா? நெசமாவா?" என்று கேட்டாள். அதற்குள் ஹரிஷ்குமார் மாதிரித் துணிகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றே வேலை போயிற்று. போனையும் வாங்கிக்கொண்டார்கள்.

மன்னித்துவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

மணிமுத்து


ஆமத்தூர்,
18 செப்டம்பர் 2025

மணிமுத்து,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் நம்பவில்லை. இவனுக்குக் கதை சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, கடிதத்திலும் ஒரு மேடை போட்டுவிட்டான் என்று ஓவியாவிடம் சொன்னேன். பதில் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருளாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். பின்வரிசையில் நின்றது அவர்தான். அவர் இப்போது வேலை செய்கிற ஆலையிலிருந்து வேனில் கூட்டி வந்திருக்கிறார்கள். கேட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் என் வாசலுக்கு வர அவருக்குக் கால் வரவில்லையாம்.

உள்ளே வந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார். ஓவியா எழுதிக் காட்டினாள். "ஒன்னைத் தப்பா நெனச்சுட்டேன் தாயி. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா ஒண்ணு கேக்கணும். எட்டுப் பேருன்னு ஒனக்குத் தெரியுமே? ரெண்டு வருசமா பக்கத்துலதான இருக்க. ஏன் என்கிட்ட சொல்லல?"

மணிமுத்து, நீ மேடையில் நின்று தலைகுனிந்தாய். நான் என் வீட்டு வாசலில் நின்று குனிந்தேன். என் குடத்துக்கு அவர் தண்ணீர் பிடித்து வைத்த ஒவ்வொரு நாளும் நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். நீ என்னைத் தூக்கி வந்தவன், உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுசாக நிஜம் இல்லை. எனக்குப் பயம். பொய்யாகத் தலையாட்டியவள் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம். நீ என் மேல் சேலையைக் கட்டிவிட்ட பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. என் பேர் கெட்டதும்தான் வந்தது. பாண்டிமீனாவுக்காக வரவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். பிறகு, "அவ பின்வாசலுக்கு ஓடுனாளா?" என்று கேட்டார். ஓடவில்லை, அருணாதேவியின் கையைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டு போனாள் என்று சொன்னேன். நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சத்தம் கேட்காது. தோள் குலுங்குவது தெரிந்தது.

மறுநாள் காலையில் பழைய முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டார்கள். உள்ளே இருந்து வந்த ஓவியா எழுதிக் காட்டினாள், எழுத்தே சரியாக வரவில்லை. இருளாண்டி அண்ணன் அவர் வீட்டிலிருந்து இறங்கி வந்து என் வாசலில் நின்றார். அவர்கள் போய்விட்டார்கள். திரும்ப வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மாரிசெல்வி


விருதுநகர்,
25 அக்டோபர் 2025

அக்கா,

தீபாவளி முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

எட்டுப் பேர் என்று நானே ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று வக்கீலிடம் சொன்னேன். "பைத்தியமா ஒனக்கு?" என்று கேட்டார். முதலாளியின் பணத்தில் வந்த வக்கீல், வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இலவச சட்ட உதவியில் ஒரு அம்மா கிடைத்திருக்கிறார். தண்டனை குறையும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஜெயிலுக்குப் போக முடியாது என்று முன்பு எழுதியதை மாற்றி எழுத எனக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனாலும் கோர்ட்டுக்கு வருகிறேன்.

மேடைக்கு வந்து துணியைக் கசக்கிப் பார்த்த ஆனைக்குட்டத்துப் பெண் தேடி வந்தாள். அவள் குழுவில் பதினான்கு பேர். அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். நான் வேலையில் இல்லை, எனக்கு இதில் கமிஷன் எதுவும் வராது என்று சொன்னேன். "அதான் ஒங்ககிட்ட கேக்கிறோம்" என்றாள். மில் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். ரூமில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு என்றாள். வாங்குவதற்கு முன்னால் அதைப் பேசுங்கள் என்றேன். விலாசத்தை மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

மணிமுத்து


ஆமத்தூர்,
10 நவம்பர் 2025

தம்பி,

மன்னிக்கச் சொல்லி எழுதியிருந்தாய். மன்னிப்பதற்கு நான் ஒருத்தி போதாது. இருளாண்டி அண்ணன் இருக்கிறார், அருணாதேவியின் அம்மா இருக்கிறார், சிவபாண்டியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வரிசையில் நானும் ஒருத்தி. எனக்கும் அவர்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

பஸ்ஸில் அந்தப் பிள்ளை இன்னும் ஓவியாவோடு உட்காரவில்லை. பேசுகிறாள், ஆனால் சீட்டு வேறுதான். ஓவியாவும் வற்புறுத்தவில்லை.

18ஆம் தேதி இருளாண்டி அண்ணனும் எங்களோடு வருகிறார். கோர்ட்டில் என்ன நடக்கும் என்று அரசு வக்கீலிடம் கேட்டுக்கொண்டோம். என்னிடம் கேள்வியை எழுதிக் காட்டுவார்களாம். நான் வாயால் பதில் சொல்ல வேண்டுமாம். என் குரல் எனக்குக் கேட்காது, கூடக் குறைய இருந்தால் சிரிக்காதே. ரூமில் எட்டுப் பேர் என்று சொல்வேன். எங்களை உள்ளே அனுப்பியது போர்மேன் மணிமுத்து என்று சொல்வேன். ஆஸ்பத்திரியில் தெரியாமல் தலையாட்டினேன் என்று சொல்ல மாட்டேன். எதற்கு என்று தெரிந்துதான் ஆட்டினேன். எரிந்த ரூமுக்குள் வந்து என்னைத் தூக்கியதும் அதே மணிமுத்து என்பதையும் சொல்வேன். அவர்கள் எழுதிக்கொள்வார்களா என்று தெரியாது.

ஆறு மாதமாக ஓவியா எனக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருகிறாள். மெதுவாகப் பேசினால் பாதி புரிகிறது. உன் முறை வரும்போது நோட்டு வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஜட்ஜுக்குச் சொல்ல வேண்டியதை ஜட்ஜுக்குச் சொல். செத்துப்போன மூன்று பேரின் பேரைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, நிறுத்திச் சொல்.

மாரிசெல்வி அக்கா